விவாகரத்து நடக்கும்போது பிள்ளை யாரிடம் இருப்பது? செட்டிநாட்டுப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கத்தில் ஒரு கல்யாணம் முறிகிறது என்றால் முதலில் பேச்சுக்கு வருவது சாமான்தான். வெள்ளி எவ்வளவு, வைரத்தோடு யாரிடம், பித்தளையும் எவர்சில்வரும் எந்த வீட்டு இரண்டாம் கட்டில் கிடக்கிறது, எழுதிய பட்டியல் எங்கே என்று பெரியவர்கள் பட்டாலையில் உட்கார்ந்து பைசா பாக்கியில்லாமல் பேசி முடித்துவிடுவார்கள். பிள்ளையைப் பற்றிப் பேச வரும்போது ராத்திரி பத்து மணி ஆகியிருக்கும். "பிள்ளை ஆத்தாகிட்ட இருக்கட்டும், அப்பன் வந்து பார்த்துக்கிடட்டும்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பிறகு வருஷக்கணக்கில் நடக்கிற சண்டையெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து கிளம்புவதுதான். எப்போது வந்து பார்ப்பது, எங்கே பார்ப்பது, பொங்கலுக்கு யார் வீடு, பள்ளிக்கூடத்தை யார் முடிவு செய்வது, காய்ச்சல் வந்தால் யார் யாருக்குச் சொல்வது, எதுவுமே அந்த வரியில் இல்லை.

நான் வக்கீல் இல்லை. சட்டப்பணிகள் குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலராக இருக்கிறேன். மனு எழுத, எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று கேட்க வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பிள்ளையின் அன்றாட வாழ்க்கையைச் சின்னச் சின்ன விவரம் வரை பேசுங்கள், பேசியதை எழுதுங்கள், எழுதியதை நீதிமன்ற உத்தரவாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் நிற்காது.

அடி, மிரட்டல் இருந்தால் இந்தப் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள்

வீட்டில் அடிதடி இருக்கிறது, பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்றால் சமரசம், பேச்சுவார்த்தை எல்லாம் அப்புறம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ன் கீழ் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அவர் வழியாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டால், பாதுகாப்பு உத்தரவோடு சேர்த்துப் பிள்ளையைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவையும் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதற்கானது. எதிர்த்தரப்பு பார்க்க வருவதே பிள்ளைக்குக் கெடுதல் என்று தெரிந்தால் அதைத் தடுக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது முடிந்தால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளையோடு முதலில் வெளியே வாருங்கள், காகிதங்களைப் பிறகு மனுப் போட்டு வாங்கலாம்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கில் பலம் சேர்ப்பதற்காக, நடக்காத ஒன்றை நடந்ததாகப் பிள்ளையின் மேல் வைத்து எழுதாதீர்கள். அப்படி எழுதினால் போலீஸும் டாக்டரும் மாஜிஸ்திரேட்டும் அந்தப் பிள்ளையைத்தான் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

சட்டம் சொல்வதும் ஊர் சொல்வதும்

"ஆண் பிள்ளை அப்பனுக்கு, பொம்பிளைப் பிள்ளை ஆத்தாவுக்கு." "அஞ்சு வயசு முடிஞ்சா அப்பா கூட்டிக்கிட்டுப் போகலாம்." "சம்பாத்தியம் இல்லாத அம்மாகிட்ட கோர்ட்டு பிள்ளையைக் கொடுக்காது." "அம்மா மறுகல்யாணம் பண்ணினா பிள்ளை போயிடும்." இந்த நாலும் நான் ஓயாமல் கேட்பவை, நாலும் இந்துச் சட்டத்தில் இல்லை.

சட்டத்தில் இருப்பது இதுதான். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-ன் 13-ஆம் பிரிவு பிள்ளையின் நலனே முதன்மையானது என்கிறது. பெற்றோரின் உரிமை அதற்குப் பிறகுதான். ஆறாம் பிரிவு தகப்பனை இயற்கைக் காப்பாளர் என்றும் அவருக்குப் பிறகு தாய் என்றும் சொன்னாலும், ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. 'பிறகு' என்றால் தகப்பன் இறந்த பிறகு மட்டும் என்று கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் காப்பாளராக இருக்கலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஐந்து வயது தாண்டியதும் பிள்ளை தானாக யாரிடமும் மாறிவிடாது. அதுவரை யார் வளர்த்தது, பள்ளிக்கூடம் எங்கே, வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளை என்ன விரும்புகிறது, இவற்றையெல்லாம் நீதிபதி சேர்த்துப் பார்ப்பார். சம்பாத்தியம் அதில் ஒன்று, அவ்வளவுதான். சம்பாதிக்கிறவர் பணம் கொடுக்கட்டும், வளர்க்கிறவர் வளர்க்கட்டும் என்று உத்தரவு போட கோர்ட்டுக்குத் தாராளமாக வழி உண்டு.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு விவாகரத்துச் சட்டம், 1869, சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு அந்த 1954-ஆம் ஆண்டுச் சட்டம் என்று பிரிவுகள் மாறும். முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம் உண்டு. யாராக இருந்தாலும் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், 1890-ன் கீழ் பிள்ளைக்காகத் தனி மனு போடலாம், அங்கேயும் பிள்ளையின் நலனைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் முத்திரைத்தாள் விஷயம். பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் 'இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை, பிள்ளை தாயாரிடம்' என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் முத்திரையும் வாங்கிவிட்டால் விவாகரத்து முடிந்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சமூக வழக்கப்படி விவாகரத்து உண்டு என்று நிரூபிக்க முடிகிற அபூர்வமான இடம் தவிர, இந்து திருமணத்தை அந்தத் தாள் முடித்துவைக்காது. பிள்ளை விஷயத்திலும் அது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தத் தாளை வீணென்று தூக்கிப் போட வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரு நாள் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு அது ஆதாரம். அதையே விரித்து எழுதி, மனுவோடு இணைத்து உத்தரவாக வாங்குவதுதான் செய்ய வேண்டிய வேலை.

பிள்ளையிடம் முதலில் சொல்லுங்கள்

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நம் வீடுகளில் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வளவு முற்றத்தில் நின்று பேசுவதெல்லாம் மேல் மாடிவரை கேட்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாதிக் கதை தெரிந்திருக்கும், மீதியை அது தானே இட்டுக்கட்டிக்கொள்ளும், பெரும்பாலும் 'என்னாலதான்' என்று. முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். நாங்கள் இரண்டு வீட்டில் இருக்கப் போகிறோம், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, பள்ளிக்கூடம் இதேதான், அப்பா இந்தந்த நாளில் வருவார், அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டுக்கும் அப்பாவைப் பெற்ற அப்பத்தா வீட்டுக்கும் போய்வருவாய். இவ்வளவு போதும். யார் மேல் தப்பு என்பதைச் சொல்ல வேண்டாம். 'உனக்கு யார் வேணும்' என்று கேட்கவே வேண்டாம், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் வந்தால் நீதிபதி தன் அறையில் பக்குவமாகக் கேட்பார்.

எந்தக் கோர்ட்டு?

செட்டிநாடு என்று நாம் ஒரே ஊர்போலப் பேசினாலும் கோர்ட்டுக் கணக்கில் அது சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கைப் பக்கம். ராயவரம், அரிமளம், பொன்னமராவதி எல்லாம் புதுக்கோட்டை. மாமியார் வீடு கானாடுகாத்தான், அம்மா வீடு ராயவரம் என்றால் பஸ்ஸில் ஏறி இறங்குகிற தூரம்தான், ஆனால் கோர்ட்டு வேறு.

விவாகரத்து மனுவை, வக்கீல்கள் எச்.எம்.ஓ.பி. என்பார்கள், கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், மனைவி மனுப் போடுவதாக இருந்தால் அவர் இப்போது வசிக்கும் இடம், இதில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். சென்னையில் குடித்தனம் நடத்தினாலும் கல்யாணம் ஊர் வீட்டில் நடந்திருக்கும் என்பதால் நம் பக்கத்துக் கோர்ட்டுகளுக்கு வெளியூர்க் குடும்பங்களின் வழக்குகளும் வரும். அந்த வழக்கிலேயே இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி பிள்ளைப் பொறுப்பு, படிப்பு, செலவு மூன்றையும் கேட்கலாம். பிள்ளைக்காக மட்டும் தனி மனு, அதாவது ஜி.டபிள்யூ.ஓ.பி., போடுவதானால் பிள்ளை வழக்கமாக வசிக்கிற இடத்துக் கோர்ட்டில்தான் போட வேண்டும். லீவுக்கு ஆயா வீட்டுக்கு வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இங்கே மனுப் போட்டால் 'வழக்கமாக வசிப்பது சென்னையில்தானே' என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே எழுப்பும். குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் மனு அங்கே போகும், இல்லாத இடத்தில் மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். உங்கள் ஊருக்கு எது என்பதை வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால் இரண்டு மாவட்டத்துக்கும் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான். குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அதற்கு 30 நாள் கெடு.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் அதிகாரச் சட்டம், 1987-ன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு பார்த்துக் கிடைக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

சாதாரண நாற்பது பக்க நோட்டு. பிள்ளையைக் காலையில் எழுப்புவது யார், பள்ளிக்கூடத்தில் விடுவது யார், பெற்றோர் கூட்டத்துக்குப் போனது யார், டாக்டரிடம் கூட்டிப் போனது எந்தத் தேதி, ஃபீஸ் கட்டிய ரசீது எண் என்ன, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். எதிர்த்தரப்பு பிள்ளையைப் பார்க்க வந்த நாள், வருவதாகச் சொல்லி வராத நாள், நீங்கள் அனுப்ப முடியாத நாள், அதற்குக் காரணம், இதையும் எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாததையும் எழுதுங்கள், அப்போதுதான் அந்த நோட்டுக்கு மதிப்பு. இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி 'எப்போதும் நான்தான் பார்த்துக்கொண்டேன்' என்று பொதுவாகச் சொல்வதற்கும் தேதிவாரியாகச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பிள்ளையைப் பேசவைத்து செல்போனில் பதிவு செய்வதை மட்டும் செய்யாதீர்கள். 'அப்பா கெட்டவர் என்று சொல்லு' என்று சொல்லிக்கொடுத்தது குரலிலேயே தெரியும். நீதிபதிகள் இப்படி எத்தனையோ கேட்டவர்கள்.

இடைக்கால உத்தரவு

வழக்கு முடிய வருஷங்கள் ஆகலாம். அதுவரை பிள்ளை ஒரு பக்கமே இருந்து, மற்றவரைப் பார்க்காமலே பழகிவிட்டால் அந்தப் பழக்கமே தீர்ப்பாகிவிடும். அதனால் முதல் வாய்தாவிலேயே இடைக்கால மனுப் போட்டு, எந்த நாள், எத்தனை மணி நேரம், எங்கே என்று பார்க்கும் உரிமைக்கு உத்தரவு கேளுங்கள். பிள்ளையை வைத்திருக்கிறவரும் இதற்கு ஒத்துழைப்பது நல்லது, பார்க்க விடாதவர் என்ற பெயர் வழக்கில் உங்களுக்குத்தான் பாதகம். நேரில் வர முடியாதவருக்கு வீடியோ அழைப்பில் பேசும் உரிமை தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமே 2020-ல் சொல்லியிருக்கிறது.

பார்க்கும் இடத்தைக் கோர்ட்டு வளாகம் என்று எழுதிவிடாதீர்கள். வராண்டாவில் வக்கீல்களும் கைதிகளை அழைத்துவரும் போலீஸும் நடமாடுகிற இடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை அப்பாவோடு எப்படி விளையாடும்? இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு உறவினர் வீடு, கோயில் பிராகாரம், பூங்கா, எது ஒத்துவருமோ அதைக் கேளுங்கள்.

திட்டத்தை எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். 'நியாயமான நேரங்களில் தகப்பனார் பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதுவது அந்தப் பழைய ஒரு வரியேதான். நான் உட்கார்ந்து எழுத உதவும்போது ஏறக்குறைய இந்த மாதிரி எழுதுவோம்:

"பள்ளி நாட்களில் பிள்ளை தாயாருடன் காரைக்குடியில் இருக்கும். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தகப்பனார் தாயார் வீட்டு முகப்பில் வந்து அழைத்துக்கொள்வார். ஞாயிறு மாலை 6 மணிக்கு அங்கேயே கொண்டுவந்து விடுவார். வர முடியாவிட்டால் அதற்கு முந்தின வியாழன் இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் தெரிவிக்க வேண்டும். பிள்ளையின் உடல்நிலையால் ஒரு முறை தவறினால் அடுத்த சனி, ஞாயிறு அதற்கு ஈடாகக் கொடுக்கப்படும். செவ்வாய், வெள்ளி இரவு 7 முதல் 7.30 வரை வீடியோ அழைப்பு."

இப்படி மணி, நாள், இடம், தவறினால் என்ன என்று நாலும் இருந்தால்தான் நாளைக்குக் கோர்ட்டில் 'உத்தரவை மீறினார்' என்று காட்ட முடியும்.

அடுத்து லீவு. காலாண்டு, அரையாண்டு விடுமுறை சின்னது, மாற்றி மாற்றிக் கொடுத்துவிடலாம். கோடை விடுமுறையை இரண்டாகப் பிரித்து, முதல் பாதி யாருக்கு என்பதை ஒற்றைப்படை வருஷம், இரட்டைப்படை வருஷம் என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு ஏப்ரலிலும் பேச வேண்டியதில்லை. பொங்கலும் தீபாவளியும் அதே கணக்கில் மாறட்டும், பொங்கல் அப்பா பக்கம் என்றால் அந்த வருஷத் தீபாவளி அம்மா பக்கம்.

நம் பக்கத்துச் சடங்குகளைப் பற்றி வெளியூர் வக்கீல் யாரும் எழுதமாட்டார், நீங்கள்தான் கேட்டு எழுதவைக்க வேண்டும். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடு என்றால் பிள்ளை அப்பா வழிக் கோயிலைச் சேர்ந்தது, இளையாற்றங்குடியோ மாற்றூரோ இலுப்பைக்குடியோ எதுவோ அது. விவாகரத்தால் அது மாறுவதில்லை. கோயில் காரியத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் வீட்டுப் படைப்புக்கும் பிள்ளையை அழைத்துப்போக ஒரு நாளை ஒதுக்கி எழுதுங்கள். பையனுக்குச் சூப்பிடி, பெண்ணுக்குத் திருவாதிரைப் புதுமை இன்னும் செய்யவில்லையென்றால் எங்கே செய்வது, இரண்டு பக்கமும் வரலாமா, செலவு யாருடையது என்பதையும் பேசிவிடுங்கள். எந்தச் சாதியாக இருந்தாலும் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். பிள்ளை அப்பாவிடம் வளர்ந்தாலும் அம்மானை அழைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தால் அன்றைக்கு மண்டபத்தில் ரகளை வராது. காரைக்குடி கொப்புடையம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் பிள்ளை ஒரு வேளையாவது மற்ற வீட்டில் சாப்பிடட்டும். பெற்றவர்களுக்குள் பேச்சே இல்லாவிட்டாலும் அப்பத்தாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வழக்கு எதுவும் இல்லையே.

முடிவுகளை இரண்டாகப் பிரியுங்கள். என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, டியூஷன் நேரம், சின்னக் காய்ச்சல் எல்லாம் அன்றைக்குப் பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவருடையது, மற்றவர் போன் போட்டுக் குடைய வேண்டாம். பள்ளி மாற்றுவது, ஸ்டேட் போர்டா சி.பி.எஸ்.இ.யா, ஹாஸ்டல், அறுவைச் சிகிச்சை, பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பயணம், பிள்ளையின் பெயரில் உள்ள சொத்து, இவை இரண்டு பேரும் சேர்ந்து எடுக்க வேண்டியவை. ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவர் பெயரையோ சமரச மையத்தையோ குறிப்பிட்டு, பதினைந்து நாளில் அங்கேயும் முடியாவிட்டால் கோர்ட்டுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் ஒப்புதலுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே சிகிச்சை, ஒரு மணி நேரத்துக்குள் தகவல்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் நம்பரும் இருக்கட்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தலைமையாசிரியர் உடனே கொடுத்தாக வேண்டும். ஒருவர் போய்ச் சத்தமில்லாமல் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஊரில் சேர்த்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். இருவர் கையெழுத்து இல்லாமல் டி.சி. வாங்கக் கூடாது என்பதை உத்தரவில் சேர்த்து, அதன் நகலைப் பள்ளியில் கொடுத்துவிட்டால் இதைத் தடுக்கலாம்.

கைமாற்றும் நேரம்

ஒரு சனிக்கிழமை ஒரு வீட்டு முகப்பில் நின்று பார்த்தேன். அப்பா காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறார். பையன் ஒரு பையும் ஒரு எவர்சில்வர் டின்னுமாக வெளியே வருகிறான். டின்னில் போன முறை அப்பத்தா கொடுத்துவிட்ட மனகோலமும் சீப்புச் சீடையும் மூடி திறக்காமல் அப்படியே இருக்கிறது, திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பையன் படியில் நின்று உள்ளேயும் பார்க்கிறான், வெளியேயும் பார்க்கிறான், டின்னை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த டின்னைத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் பிள்ளை சாப்பிடட்டும். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கி வந்து அழைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நின்று பேச வேண்டியது மூன்றே விஷயம்: கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன மருந்து எப்போது, வீட்டுப்பாடம் என்ன பாக்கி. பணம், வழக்கு, வாய்தா எதையும் அங்கே பேச வேண்டாம், பிள்ளையிடம் சொல்லியனுப்பவும் வேண்டாம். இளைப்பு உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலர் ஒன்று இரண்டு வீட்டிலும் இருக்கட்டும், பையில் வைக்க மறந்துபோகும். இரண்டு வீட்டிலும் ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு செட் சீருடை, ஒரு போர்வை இருந்தால் பிள்ளை இரண்டு வீட்டிலும் விருந்தாளியாக உணராது.

ஆலோசகரும் நீதிபதியும்

குடும்ப நீதிமன்றத்தில் முதலில் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சேர்த்துவைப்பதற்கு மட்டும்தான் அது என்று நினைத்துப் பலர் கடமைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். சேர்ந்து வாழ விருப்பமில்லை, பிள்ளை விஷயத்தை மட்டும் பேசித் தருமாறு நேராகவே கேட்கலாம். சமரசத்தில் பேசுவது வழக்கில் சாட்சியாக வராது, அதனால் விட்டுக்கொடுத்துப் பேசப் பயப்பட வேண்டாம். நீங்கள் எழுதிவைத்த திட்டத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

பரஸ்பரச் சம்மதத்தில் பிரிகிறவர்களுக்கு இதில் நேரடி லாபமும் இருக்கிறது. ஒரு வருஷம் பிரிந்திருந்து மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைப் பொறுப்பு, ஜீவனாம்சம் எல்லாம் உண்மையாகவே தீர்ந்திருக்கிறது என்பது போன்ற சில நிபந்தனைகள் நிறைவேறினால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிள்ளையை நீதிபதி தன் அறையில் தனியாகப் பார்த்துப் பேசலாம். எந்த வயதில் பிள்ளையின் சொல் எடுபடும் என்று சட்டத்தில் வயது எழுதப்படவில்லை, விவரமாக யோசித்துச் சொல்லும் பக்குவம் இருந்தால் கணக்கில் எடுப்பார்கள். அன்றைக்குப் புதுச் சட்டை, புது பொம்மை என்று ஏற்பாடு செய்யாதீர்கள். காலையில் வழக்கம்போல இட்லி கொடுத்து, 'ஒரு சார் உன்கிட்ட பேசுவார், உனக்குத் தோணினதைச் சொல்லலாம், சொல்ல வேண்டாம்னா சும்மா இருக்கலாம்' என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பராமரிப்புத் தொகைக்கு இவ்வளவு என்று அட்டவணை எதுவும் சட்டத்தில் இல்லை. இரண்டு பக்கமும் சொத்து, வருமானம், கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது; தொகை மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. விவாகரத்து வழக்கே இல்லாமலும், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று சொல்லிவந்த, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144-ஆக இருக்கும் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடமோ குடும்ப நீதிமன்றத்திலோ பிள்ளைக்குச் செலவு கேட்கலாம். 'பிள்ளைக்கு எதுவும் கேட்கமாட்டேன்' என்று தாய் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையின் உரிமை போகாது. பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்காதீர்கள், பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி மனு இருக்கிறது.

ஊர் வீட்டில் பிள்ளைக்குள்ள பங்கு பெற்றோரின் விவாகரத்தால் அறுந்துபோகாது, பெண் பிள்ளைக்கும் அப்படியே. பிள்ளையின் பெயரில் தனியாக உள்ள நிலம், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமென்றால் தகப்பனாக இருந்தாலும் தாயாக இருந்தாலும் முதலில் கோர்ட்டு அனுமதி வாங்க வேண்டும்.

ஒருவர் வெளிநாட்டில் இருந்தால்

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஒருவர் அங்கே, பிள்ளை இங்கே ஆயாவிடம் என்பது நம் பக்கத்தில் சகஜம். ஆயாவும் ஐயாவும் எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் சட்டத்தில் முதல் இடம் பெற்றவர்களுக்குத்தான், ஆனால் பிள்ளையை நடைமுறையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை நீதிபதி கட்டாயம் கேட்பார். அதை மறைக்காமல் மனுவிலேயே எழுதுங்கள்.

பிள்ளைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டுக் கோர்ட்டு உத்தரவு ஒன்றைக் காட்டியதும் பிள்ளையை இங்கிருந்து அனுப்பிவிடமாட்டார்கள், அந்த உத்தரவை ஒரு அம்சமாக எடுத்துக்கொண்டு பிள்ளையின் நலனை இங்கேயே பார்ப்பார்கள். அதேபோல இங்கிருந்து கொண்டுபோன பிள்ளையைத் திரும்ப வரவழைப்பதும் லேசான காரியமில்லை. சந்தேகம் இருந்தால் முன்னாலேயே மனுப் போட்டு, கோர்ட்டு அனுமதி இல்லாமல் பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று தடை உத்தரவு வாங்கி, பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உத்தரவு கைக்கு வந்தபின்

சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வையுங்கள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று வக்கீலிடம், ஒன்று பீரோவில். எதிர்த்தரப்பு மீறினால் வாசலில் போய்ச் சத்தம் போட வேண்டாம். நோட்டில் தேதி, நேரம் எழுதி, வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்பி, அடுத்தடுத்து நடந்தால் நிறைவேற்று மனுப் போடுங்கள்.

பிள்ளைப் பொறுப்பு உத்தரவு காலத்துக்கும் மாறாத ஒன்றல்ல. நாலு வயதில் எழுதியது பத்து வயதில் பொருந்தாது; பெண் பிள்ளை பெரியவளாகும்போது, பையன் பத்தாம் வகுப்புக்கு வரும்போது, ஒருவர் ஊர் மாறும்போது, மறுமணம் செய்யும்போது நேரங்களை மாற்ற வேண்டிவரும். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி அதே கோர்ட்டில் மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு மாற்றினாலும் வாய்ச்சொல்லோடு விடாமல் கூட்டு மனுவாகப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்ததும் புது டைம்டேபிளை வைத்துக்கொண்டு பழைய திட்டத்தை ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டார்கள் என்றால் ஒன்பது மணி என்பதை அப்போதே பன்னிரண்டாக்கிவிடலாம்.